முனையத்தில் ஆவணத் தேடல் மெதுவாக இருந்தால்: பழைய மடிக்கணினிகளுக்கான முழுமையான வழிகாட்டி

கிளிநொச்சியில் நாங்கள் நடத்தும் நிரலாக்க வகுப்பில் இருப்பவை எல்லாம் பழைய மடிக்கணினிகள். உள்ளே சுழல்வது நிமிடத்துக்கு 5400 சுழற்சி ஹார்ட் டிஸ்க், நினைவகம் நான்கு ஜிபி. மழை இறங்கினால் இணையத்தை நம்ப முடியாது. அதனால் பைதான் ஆவணங்கள், லினக்ஸ் மேன் பக்கங்கள் (கட்டளைகளின் கையேடு), எஸ்கியூலைட் ஆவணங்கள், நாங்களே எழுதிய தமிழ்க் குறிப்புகள் எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் இறக்கி வைத்திருக்கிறோம். அவற்றுக்குள் தேட ‘தேடு’ என்று ஒரு சிறிய கட்டளையும் எழுதி வைத்தோம்.

அந்தக் கட்டளை ஒரு சொல்லுக்கு முக்கால் நிமிடம் எடுத்தது. பிள்ளைகள் ஆவணத்தைத் தேடுவதையே விட்டுவிட்டு, பக்கத்தில் இருப்பவரைக் கேட்கத் தொடங்கினார்கள். தானாகத் தேடிப் படிக்கும் பழக்கம் அப்படித்தான் கைவிட்டுப் போகும். இதைச் சரிசெய்தே ஆக வேண்டும் என்று உட்கார்ந்தபோது நான் செய்ததையும், பின்னர் மாணவர்கள் தங்கள் கணினிகளில் இதையே செய்தபோது எங்கெங்கே இடறினார்கள் என்பதையும் செய்ய வேண்டிய வரிசையில் எழுதுகிறேன்.

கட்டளைகளை வகுப்பில் வாயால் சொல்வதுபோலவே எழுதியிருக்கிறேன். முனையத்தில் அவற்றுக்குரிய ஆங்கில எழுத்துகளைத் தட்டுங்கள்.

## 1. தொடங்கும் முன் தயாராக வைக்க வேண்டியவை

உபுண்டு, டெபியன், லினக்ஸ் மின்ட் எதுவானாலும் சரி. எஸ்கியூலைட்3 (சிறிய தரவுத்தளம்), பைதான்3, ஸ்ட்ரேஸ் (ஒரு நிரல் இயங்குதளத்திடம் கேட்பவற்றைக் காட்டும் கருவி), ரிப்கிரெப் (கோப்புகளுக்குள் சொல் தேடும் கருவி) ஆகிய நான்கையும் இணையம் நன்றாக இருக்கும் நேரத்தில் நிறுவிவிடுங்கள். வேலையின் நடுவில் ஒரு பொதி இல்லையென்று தெரிந்து, அன்றைக்கு இணையமும் இல்லாமல் போனால் ஒரு நாள் வீண்.

எஸ்கியூலைட்டில் எஃப்டிஎஸ்5 என்ற முழுவுரைத் தேடல் பகுதி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். எஸ்கியூலைட்3 உள்ளே போய் ‘பிராக்மா கம்பைல்_ஆப்ஷன்ஸ்’ என்று கேட்டால் வரும் பட்டியலில் ‘எனேபிள்_எஃப்டிஎஸ்5’ இருக்க வேண்டும். பின்னால் வரும் வேலை முழுவதும் அதை நம்பித்தான் இருக்கிறது.

ஆவணக் கோப்புறையை அப்படியே ஒரு பிரதி எடுத்து வையுங்கள். 6ஆம் படியில் கோப்புகளை மாற்றி எழுதப் போகிறோம். பிரதி இல்லாமல் அந்தப் படியில் கை வைக்காதீர்கள்.

ஒரு கொப்பியும் பேனையும் பக்கத்தில் இருக்கட்டும். அளந்த எண்ணை உடனே எழுதாவிட்டால் அரை மணித்தியாலத்தில் எது எதற்குரிய எண் என்று குழம்பிவிடும்.

## 2. எதையும் மாற்றுவதற்கு முன் அளவுங்கள்

வயலுக்குத் தண்ணீர் வராவிட்டால் வாய்க்காலை வெட்ட மண்வெட்டியோடு ஓடுவதில்லை. முதலில் துருசு திறந்திருக்கிறதா என்று போய்ப் பார்க்கிறோம். இங்கேயும் அதே வரிசைதான்.

தேடல் கட்டளைக்கு முன்னால் ‘டைம்’ என்று சேர்த்து இயக்குங்கள். முடிவில் ரியல், யூசர், சிஸ் என்று மூன்று நேரங்கள் வரும். ரியல் என்பது நீங்கள் காத்திருந்த நேரம். யூசர் என்பது செயலி நிரலுக்காக உழைத்த நேரம். சிஸ் என்பது இயங்குதளம் அந்த நிரலுக்காகச் செய்த வேலைக்குப் போன நேரம்.

இனி வருவதுதான் புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம். ஒருமுறை படித்த கோப்புகளை லினக்ஸ் நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். இரண்டாம் முறை தேடும்போது டிஸ்க் பக்கமே போகாது. விசுவமடுவில் இருந்து வரும் ஒரு பையன் கட்டளையில் ஒரு வரியை மாற்றிவிட்டு மறுபடி இயக்கினான். நாற்பது வினாடி மூன்று வினாடியாகிவிட்டது. “அண்ணை, இப்ப பறக்குது!” என்று எழும்பி நின்றான். அடுத்த நாள் காலையில் கணினியைத் திறந்து தேடினான். மறுபடி நாற்பது வினாடி. அவன் மாற்றிய வரியால் ஒன்றும் நடந்திருக்கவில்லை. முதல்நாள் கோப்புகள் நினைவகத்தில் சூடாக இருந்தன, அவ்வளவுதான்.

ஆகவே இரண்டு அளவுகள் எடுக்க வேண்டும். ஒன்று குளிர்ந்த நிலையில், மற்றது சூடான நிலையில். குளிர்ந்த நிலைக்குச் சுலபமான வழி, கணினியை மறுதொடக்கம் செய்து, பின்னணி வேலைகள் அடங்க மூன்று நிமிடம் விட்டு, அப்புறம் தேடுவது. அடிக்கடி அளக்க வேண்டுமானால் ‘சிங்க்’ கொடுத்துவிட்டு, ரூட் பயனராக (கணினியின் நிருவாகியாக) ‘ட்ராப்_கேஷஸ்’ கோப்பில் 3 என்று எழுதுங்கள். அது ‘ப்ராக்’ கோப்புறைக்குள் ‘சிஸ்’, அதற்குள் ‘விஎம்’ என்ற இடத்தில் இருக்கிறது. இதனால் எந்தக் கோப்பும் அழியாது. நினைவகத்தில் இருக்கும் பிரதிகள் மட்டும் போகும்.

அளக்கும்போது சார்ஜர் செருகியிருக்கட்டும். மின்கலத்தில் ஓடும்போது பல மடிக்கணினிகள் செயலியின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வெயிலையும் கணக்கில் எடுங்கள். தகரக் கூரைக்குக் கீழே மதியம் இரண்டு மணிக்கு, விசிறியில் புழுதி அடைந்த கணினி சூடேறித் தானாகவே வேகத்தைக் குறைக்கும். காலையில் எடுத்த எண்ணையும் மதியத்தில் எடுத்த எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் இல்லாத பிழையைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

## 3. நேரம் எங்கே போகிறது என்று எண்களைப் படியுங்கள்

முதலில், எதையும் தேடாமல் உங்கள் கட்டளையின் உதவிப் பக்கத்தை மட்டும் கேட்டு அளவுங்கள். அதற்கே ஒரு வினாடிக்கு மேல் போனால் தேடலில் பிழை இல்லை, தொடக்கத்தில்தான் பிழை. பைதானில் எழுதிய கருவியென்றால் ‘பைதான்3 -எக்ஸ் இம்போர்ட்டைம்’ என்று இயக்கிப் பாருங்கள். எந்த நூலகத்தை ஏற்ற எவ்வளவு நேரம் போகிறது என்று ஒவ்வொரு வரியாகக் காட்டும். பெரிய நூலகம் ஒன்றை எப்போதாவது ஒரு வேலைக்குத்தான் பயன்படுத்துகிறீர்கள் என்றால், அதன் இம்போர்ட் வரியை அந்த வேலையின் உள்ளே கொண்டுபோய் வையுங்கள்.

தொடக்கம் சரியென்றால் மூன்று எண்களையும் ஒப்பிடுங்கள். ரியல் பெரிதாகவும் மற்ற இரண்டும் சிறிதாகவும் இருந்தால் கணினி டிஸ்க்குக்காகக் காத்திருக்கிறது. யூசர் நேரம் கிட்டத்தட்ட ரியல் அளவுக்கு வந்தால் செயலிக்கு வேலை கூட: சுருக்கிய கோப்புகளை விரிப்பது, எச்டிஎம்எல் குறிகளை நீக்குவது போன்றவை. சிஸ் பெரிதாக இருந்தால் பெரும்பாலும் சின்னச் சின்னச் செயல்முறைகளை ஆயிரக்கணக்கில் தொடங்கி முடித்துக்கொண்டிருக்கிறது.

எங்கள் விஷயத்தில் ரியல் 44 வினாடி, யூசரும் சிஸ்சும் சேர்த்தே நான்குக்குக் கீழ். அதாவது டிஸ்க். ஏன் இவ்வளவு என்பதைக் கையால் கணக்குப் போட்டே பார்க்கலாம். 5400 சுழற்சித் தட்டு வினாடிக்கு 90 முறை சுற்றும். ஒரு சுற்றுக்கு 11 மில்லிவினாடி. வேண்டிய இடம் வாசிக்கும் முனைக்குக் கீழே வர சராசரியாக அரைச் சுற்று, அதாவது ஐந்தரை மில்லிவினாடி காத்திருக்க வேண்டும். முனை நகரும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு கோப்புக்குச் சுமார் 15 மில்லிவினாடி. மூவாயிரம் கோப்புகள் சிதறிக் கிடந்தால் 45 வினாடி. கொப்பியில் எழுதியிருந்த எண்ணும் கிட்டத்தட்ட அதுவேதான்.

இந்தக் கணக்கை மாணவர்கள் கையால் போட வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். கோப்புகளுக்குள் சொல் தேடும் லினக்ஸ் கட்டளையான கிரெப்பை விட வேகமான கிரெப் ஒன்றைத் தேடுவதில் பயனில்லை என்பது இதைப் போட்டவுடனேயே விளங்கிவிடும். தட்டு சுற்றும் வேகத்தை எந்த நிரலாலும் கூட்ட முடியாது.

எத்தனை கோப்புகள் திறக்கப்படுகின்றன என்பதில் சந்தேகம் இருந்தால் ‘ஸ்ட்ரேஸ் -சி -எஃப்’ சேர்த்து ஒருமுறை இயக்குங்கள். ‘ஓப்பனாட்’ என்ற வரியில் கோப்புகளின் எண்ணிக்கையும், ‘எக்செக்விஇ’ வரியில் தொடங்கிய நிரல்களின் எண்ணிக்கையும் தெரியும். ஸ்ட்ரேஸ் தானே வேலையை மெதுவாக்கும். அதனால் அப்போது வரும் நேரத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

இன்னொரு காரணத்தையும் பார்த்துவிடுங்கள். ‘ஃப்ரீ -எச்’ கொடுத்தால் நினைவகத்தின் நிலை தெரியும். உலாவியில் பத்துத் தாவல்கள் திறந்திருந்தால் நான்கு ஜிபியில் கோப்புகளை நினைவில் வைத்திருக்க இடமே இருக்காது. அப்போது இரண்டாம் தேடலும் முதல் தேடல்போலவே இழுக்கும்.

## 4. பெரிய வேலைக்கு முன் சின்னத் தவறுகளைக் களையுங்கள்

இந்தப் படியிலேயே சிலருடைய பிரச்சினை தீர்ந்துவிடும். ஆவணங்கள் நூறு இருநூறு கோப்புகள்தான் என்றால் இதற்குமேல் போக வேண்டியதில்லை.

ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு கிரெப்பைத் தொடங்கும் சுற்று உங்கள் கட்டளைக்குள் இருந்தால் அதை எடுத்துவிட்டு, கோப்புறை முழுவதையும் ஒரே கிரெப்பிடம் ‘-ஆர்’ சேர்த்துக் கொடுங்கள். மூவாயிரம் முறை ஒரு நிரலைத் தொடங்குவதே தனி வேலை.

தேவையில்லாதவற்றை விலக்குங்கள். படங்கள், கிட் (பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவி) கோப்புறை, ஒரே ஆவணத்தின் பழைய பதிப்புகள். எங்கள் கோப்புறையில் பைதான் ஆவணங்கள் இரண்டு பதிப்புகளாகக் கிடந்தன, பழையதை ஒருவரும் திறப்பதேயில்லை.

தேடுவது வெறும் சொல்தான் என்றால் கிரெப்புக்குப் பெரிய ‘எஃப்’ தெரிவைக் கொடுங்கள். அது தேடல்சொல்லைக் கோலமாக (பேட்டர்ன்) பார்க்காமல் எழுத்துகளாகவே பார்க்கும். ‘எல்சி_ஆல்’ மாறியைச் ‘சி’ என்று வைத்தால் கிரெப் வேகமெடுக்கும் என்று பலர் சொல்வார்கள். யூசர் நேரம் பெரிதாக இருப்பவர்களுக்கு அது உண்மைதான். ஆனால் அந்த நிலையில் கிரெப் ஒவ்வொரு பைட்டையும் ஓர் எழுத்தாக எண்ணும். ஒரு தமிழ் எழுத்துக்குறி யூடிஎஃப்-8இல் மூன்று பைட். ஆகவே கோலத்தில் புள்ளி போட்டு ‘ஏதாவது ஓர் எழுத்து’ என்று தமிழில் தேடினால் விடை பிழைக்கும். ‘எஃப்’ தெரிவோடு மட்டும் பயன்படுத்துங்கள்.

ரிப்கிரெப் நல்ல கருவி. ஆனால் அது மறைந்த கோப்புகளையும், கிட்இக்னோர் பட்டியலில் உள்ளவற்றையும் தானாகவே தவிர்க்கும். “வேகம் வந்தது, விடை குறைந்தது” என்று யாராவது சொன்னால் முதலில் அங்கே பாருங்கள். இரட்டை ‘யூ’ தெரிவு கொடுத்தால் அவற்றையும் சேர்த்துத் தேடும். சுழலும் டிஸ்க்கில் குளிர்ந்த நிலையில் அது பல இழைகளாக ஒரே நேரத்தில் தேடுவதால் பெரிய இலாபம் இல்லை. முனை ஒன்றுதானே அங்கும் இங்கும் ஓட வேண்டும். ‘-ஜே1’ கொடுத்தும் அளந்து பாருங்கள்.

## 5. மேன் பக்கங்களுக்குத் தனி வழி

மேன் கட்டளையில் சின்ன ‘கே’ வேறு, பெரிய ‘கே’ வேறு. சின்னது ஏற்கெனவே கட்டி வைத்த பெயர், ஒருவரி விளக்கப் பட்டியலில் மட்டும் தேடும். உடனே வரும். பெரியது எல்லாப் பக்கங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து, சுருக்கத்தை விரித்துப் படிக்கும். அது எப்போதும் மெதுவாகத்தான் இருக்கும். ஷிஃப்ட் விசை அழுந்தியது தெரியாமல் “மேன் பழுதாகிவிட்டது” என்று சொன்னவர்கள் உண்டு.

சின்ன ‘கே’ ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொன்னால் பட்டியல் இன்னும் கட்டப்படவில்லை. ரூட் பயனராக ‘மேன்டிபி’ ஒருமுறை இயக்கினால் போதும்.

## 6. ஆவணங்களை ஒருமுறை சுத்தம் செய்யுங்கள்

நாம் செய்யப்போவது ஒரே காரியம்தான்: ஒவ்வொரு தேடலிலும் திரும்பத் திரும்ப நடக்கும் வேலையை ஒருமுறை செய்து வைத்துவிடுவது. அதற்காக எல்லா ஆவணங்களும் வெற்று உரையாக, ஒரே குறியாக்கத்தில் இருக்க வேண்டும்.

எச்டிஎம்எல் கோப்புகளை உரையாக மாற்றிச் சேமியுங்கள். பைதான் ஆவணங்களை வெற்று உரையாகவே தரவிறக்கலாம், மாற்றும் வேலையே இல்லை. மேன் பக்கங்களையும் ஒருமுறை உரையாக எழுதிக்கொள்ளுங்கள்.

தமிழ்க் குறிப்புகளில்தான் கவனம் வேண்டும். எங்களிடம் இருந்த பழைய குறிப்புகளில் பாதி பாமினி எழுத்துருவில் தட்டியவை. திரையில் தமிழாகத் தெரியும், கோப்பின் உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகளும் நிறுத்தற்குறிகளும்தான். அப்படியே சேர்த்தால் எந்தத் தமிழ்ச்சொல்லும் அகப்படாது. முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றிய பின் ஒரு பக்கத்தையாவது கண்ணால் வாசித்துச் சரிபாருங்கள்.

யூனிகோடிலும் ஒரு சிக்கல் உண்டு. ‘கொ’ என்ற எழுத்தில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், எகரக் கொம்பும் காலும் சேர்ந்த இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு வெவ்வேறு. பைதானின் ‘யூனிகோட்டேட்டா’ தொகுதியில் ‘நார்மலைஸ்’ செயல்கூற்றை ‘என்எஃப்சி’ என்று கொடுத்து இயக்கினால் எல்லாம் ஒரே வடிவத்துக்கு வந்துவிடும். தேடல்சொல்லுக்கும் இதையே செய்ய மறக்காதீர்கள். ஒரு பக்கத்தை மட்டும் சரிசெய்தால் பயனில்லை. சொற்களின் உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும் பூச்சிய அகலக் குறிகளையும் நீக்குங்கள். அவை சொல்லை இரண்டாக உடைத்துவிடும்.

‘ஔ’ எழுத்துக்குப் பதிலாக ‘ஒ’, ‘ள’ என்று தனித்தனியாகத் தட்டியிருந்தால் அதை எந்த நார்மலைஸும் திருத்தாது. அவற்றைத் தேடிக் கையால்தான் மாற்ற வேண்டும்.

## 7. சொல்லடைவைக் கட்டுங்கள்

நூலின் கடைசியில் எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று ஒரு சொல்லடைவு இருக்கும் அல்லவா, இன்டெக்ஸ் என்பது அதுதான். எஃப்டிஎஸ்5 அதை ஒரே கோப்பாகக் கட்டித் தரும். தேடும்போது மூவாயிரம் கோப்புகளுக்குப் பதில் இந்த ஒன்றைத் திறந்து, அதிலும் வேண்டிய சில பக்கங்களை மட்டும் படித்தால் போதும்.

கோப்புக்கு ஒரு பதிவு என்று வைக்காமல், தலைப்புக்கு ஒரு பதிவு என்று வையுங்கள். முந்நூறு பக்கக் கோப்பின் பெயரைக் காட்டினால் பிள்ளை மறுபடி உள்ளே தேட வேண்டும். எங்கள் அட்டவணையில் மூன்று பத்திகள்: தலைப்பு, உரை, கோப்பின் பாதை. பாதைக்கு ‘அன்இன்டெக்ஸ்ட்’ என்று சேர்த்தோம், அதில் தேட வேண்டியதில்லை.

இப்போது தமிழர் எல்லோரும் விழும் குழி. எஃப்டிஎஸ்5இன் இயல்பான சொற்பிரிப்பான் யூனிகோட்61. அது எழுத்து, எண் வகைக் குறிகளை மட்டும் சொல்லின் பகுதியாக எடுக்கும். தமிழின் உயிர்க்குறிகளும் புள்ளியும் யூனிகோடில் ‘எம்’ என்ற வேறு வகையில் இருக்கின்றன. ஆகவே ஒவ்வொரு உயிர்க்குறியும் அதற்கு ஓர் இடைவெளி. ‘காடு’ என்ற சொல் க, ட என்று இரண்டு துண்டுகளாகப் போகும். ‘கூடு’, ‘கொடி’, ‘குடை’ எல்லாமே அதே க, ட. காட்டைத் தேடினால் குடையும் வரும். அது மட்டுமல்ல, ‘க’ என்ற துண்டு எல்லா ஆவணங்களிலும் ஆயிரக்கணக்கில் இருப்பதால் தேடலும் மெதுவாகும். கஷ்டப்பட்டுச் சொல்லடைவு கட்டிய பிறகும் தமிழில் மட்டும் வேகம் வரவில்லை என்றால் காரணம் இதுதான்.

தீர்வு ஒரே வரி. அட்டவணையை உருவாக்கும்போது ‘டோக்கனைஸ்’ தெரிவில் யூனிகோட்61க்குப் பக்கத்தில் ‘கேட்டகரீஸ்’ என்று எழுதி, ‘எல்* என்* சிஓ எம்*’ என்று நான்கையும் கொடுங்கள். முதல் மூன்றும் இயல்பாகவே இருப்பவை, ‘எம்*’ நாம் சேர்ப்பது. சரியாக வந்ததா என்று பார்க்க ‘எஃப்டிஎஸ்5வொகாப்’ அட்டவணை ஒன்றை உருவாக்கி, உள்ளே இருக்கும் சொற்களைப் பட்டியலிடுங்கள். முழுச் சொற்கள் தெரிந்தால் நல்லது. ஒற்றை எழுத்துகள் வரிசையாக நின்றால் தெரிவு ஏறவில்லை. சொற்பிரிப்பானைப் பின்னால் மாற்ற முடியாது. அட்டவணையை அழித்து மறுபடி கட்ட வேண்டும். அதனால் முழு ஆவணங்களையும் ஏற்றுவதற்கு முன் பத்துப் பதிவுகளோடு இதைச் சோதித்துவிடுங்கள்.

பதிவுகளைச் சேர்க்கும்போது தொடக்கத்தில் ‘பிகின்’, முடிவில் ‘கமிட்’. எல்லாம் ஒரே பரிவர்த்தனைக்குள். இல்லாவிட்டால் ஒவ்வொரு பதிவும் தட்டில் எழுதப்பட்டதா என்று எஸ்கியூலைட் காத்திருக்கும். வினாடிக்கு 90 முறை சுற்றும் தட்டில் அப்படி வினாடிக்குச் சில பத்துப் பதிவுகள்தான் போகும். இருபதாயிரம் பதிவுகளென்றால் பத்து நிமிடத்துக்குக் கிட்ட. ஒரே பரிவர்த்தனையில் எழுதக் காத்திருக்கும் நேரம் ஒருமுறைதான்.

சொல்லடைவை அதன் உண்மையான பெயரில் கட்டாதீர்கள். தற்காலிகப் பெயரில் கட்டி, முடிந்த பிறகு ‘எம்வி’ கொடுத்துப் பெயரை மாற்றுங்கள். எங்களுக்குக் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, பழைய மின்கலங்கள் ஐந்து நிமிடம் தாங்காது. நடுவில் நின்றுபோனால் அரைகுறைக் கோப்பு தனியாகக் கிடக்கும், பழைய சொல்லடைவு வேலை செய்துகொண்டே இருக்கும். கட்டி முடித்தவுடன் ‘ஆப்டிமைஸ்’ கட்டளையையும் ஒருமுறை கொடுங்கள். சிதறிய துண்டுகளை அது ஒன்றாக்கும்.

## 8. தேடல்சொல்லைத் தமிழுக்கு ஏற்பத் தயாரியுங்கள்

தமிழில் சொல் தனியாக நிற்பது குறைவு. ‘நிரல்’ என்று தேடுபவருக்கு நிரலை, நிரலில், நிரலுக்கு எல்லாம் வேண்டும். சொல்லின் பின்னால் உடுக்குறி (*) போட்டால் எஃப்டிஎஸ்5 அப்படித் தொடங்கும் எல்லாச் சொற்களையும் தரும். ஆனால் ‘நிரல்*’ என்று கேட்டால் ‘நிரலை’ வராது. அங்கே லகரத்தின் மேல் புள்ளி இல்லை.

நாங்கள் வைத்த விதி எளியது. தேடல்சொல்லின் கடைசிக் குறி உயிர்க்குறியோ புள்ளியோ என்றால் அதை வெட்டிவிட்டு உடுக்குறி சேர்ப்பது. ‘நிரல்’ என்பது ‘நிரல*’ ஆகும். ‘கோப்பு’ என்பது ‘கோப்ப*’ ஆகி, கோப்பை, கோப்பில், கோப்புகள் எல்லாவற்றையும் பிடிக்கும். ‘ம்’ என்று முடியும் சொல்லில் மகரத்தையும் சேர்த்து வெட்ட வேண்டும். ‘வட்டம்’, ‘வட்டத்தில்’ ஆகும்போது மகரம் போய்விடுகிறதே. தேவைக்கு மேல் சில சொற்கள் வரத்தான் செய்யும். தேவையானது வராமல் போவதைவிட அது மேல்.

இந்த முன்னொட்டுத் தேடல் விரைவாக இருக்க அட்டவணையில் ‘பிரிஃபிக்ஸ்’ தெரிவுக்கு ‘3 4’ கொடுத்தோம், அதாவது மூன்று, நான்கு எழுத்து முன்னொட்டுகள். இங்கே எழுத்து என்பது யூனிகோடு குறி. ‘கோ’ என்பது இரண்டு.

ஆங்கிலச் சொற்களில் வேறொரு தொல்லை. ‘ஓஎஸ்’ புள்ளி ‘பாத்’ என்று அப்படியே கொடுத்தால் எஃப்டிஎஸ்5 இலக்கணப் பிழை என்று நிற்கும். நடுவில் இணைப்புக்கோடு வந்தால் “அப்படியொரு பத்தி இல்லை” என்ற சம்பந்தமில்லாத பிழைச்செய்தி வரும். அதைப் பார்த்து அட்டவணையில் பிழை தேடப் போய்விடாதீர்கள். பயனர் தட்டும் ஒவ்வொரு சொல்லையும் இரட்டை மேற்கோளுக்குள் இட்டு அனுப்புங்கள், உடுக்குறி மேற்கோளுக்கு வெளியே.

விடைகளை ‘ரேங்க்’ வரிசையில் அடுக்கி, ‘லிமிட் 20’ போடுங்கள். ‘ஸ்னிப்பெட்’ கொண்டு சொல் வரும் வரியைக் காட்டலாம், அதுவும் அந்த இருபதுக்குத்தான். இருநூறு விடைகளை ஒருவரும் படிப்பதில்லை.

## 9. புதுப்பிப்பதைத் தேடலோடு கலக்காதீர்கள்

பழைய மெதுவைத் திரும்பக் கொண்டுவரும் தவறு இதுதான். ‘சொல்லடைவு பழையதா?’ என்று ஒவ்வொரு தேடலின் தொடக்கத்திலும் மூவாயிரம் கோப்புகளின் மாற்றத் தேதியைப் பார்க்கும்படி ஒரு மாணவி எழுதியிருந்தாள். கவனமாகச் சிந்தித்துத்தான் எழுதியிருந்தாள், ஆனால் குளிர்ந்த நிலையில் அந்தப் பார்வைக்கே பல வினாடிகள் போயின.

புதுப்பிப்பதற்குத் தனிக் கட்டளை வையுங்கள். எங்களுடையது ‘தேடு-கட்டு’. மாறிய கோப்புகளை மட்டும் எடுத்து, அவற்றின் பழைய பதிவுகளை அழித்து, புதியதைச் சேர்க்கும். அழிக்காமல் சேர்த்தால் ஒரே விடை இரண்டு முறை வரும்.

நள்ளிரவில் தானாக ஓடும்படி கிரான் வைத்தால் எங்கள் சூழலில் அது ஓடவே ஓடாது, கணினி அப்போது அணைந்திருக்கும். அனாகிரான் வையுங்கள். தவறிய வேலையை அடுத்த முறை கணினி எழும்போது செய்துவிடும்.

## 10. மறுபடி அளந்து, விடைகளையும் ஒப்பிடுங்கள்

2ஆம் படியில் செய்த அதே முறை, அதே சொல், அதே குளிர்ந்த நிலை. எங்களுக்கு 44 வினாடி ஒரு வினாடிக்குள் வந்தது. சூடான நிலையில் விசையில் இருந்து விரல் எடுப்பதற்குள் விடை வந்துவிடுகிறது.

வேகம் மட்டும் போதாது. பத்துச் சொற்களை எடுத்து, பழைய கிரெப்பிலும் புதிய தேடலிலும் தேடி, விடைகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐந்து தமிழ், ஐந்து ஆங்கிலம். கிரெப் சொல்லின் நடுவிலும் தேடும், சொல்லடைவு சொல்லின் தொடக்கத்தில் இருந்துதான் தேடும். அந்த வேறுபாட்டால் குறைந்தவை இருக்கலாம். வேறு காரணத்தால் ஒரு விடை காணாமல் போயிருந்தால் 6ஆம் படிக்குத் திரும்புங்கள். எங்களுக்கு அப்படி ஒன்று போனது. மாற்றாமல் விட்ட பாமினிக் கோப்பு அது.

## 11. மற்றக் கணினிகளுக்குக் கொண்டுபோவது

ஒவ்வொரு கணினியிலும் மறுபடி கட்ட வேண்டாம். எஸ்கியூலைட் கோப்பு 32 பிட், 64 பிட் எதிலும் அப்படியே வேலை செய்யும். மாங்குளத்தில் இருந்து வரும் பிள்ளைகள் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு போய்த் தங்கள் வீட்டுக் கணினியில் வைத்திருக்கிறார்கள்.

நகலெடுக்கும் நேரத்தில் ‘தேடு-கட்டு’ ஓடிக்கொண்டிருக்கக் கூடாது. பென்டிரைவைப் பிடுங்குவதற்கு முன் ‘சிங்க்’ கொடுத்து, முறையாகக் கழற்றுங்கள். அங்கே போய் வைத்தவுடன் எஸ்கியூலைட்டில் ‘பிராக்மா இன்டெக்ரிட்டி_செக்’ இயக்கி ‘ஓகே’ வருகிறதா என்று பாருங்கள். ஆவணக் கோப்புறையை வேறு இடத்தில் வைத்திருந்தால் விடை வரும், கோப்புத்தான் திறக்காது. அதனால் பாதைகளை முழுப்பாதையாகச் சேமிக்காமல், ஆவணக் கோப்புறையில் இருந்து தொடங்கும் பாதையாகச் சேமியுங்கள். இதை நான் 7ஆம் படியிலேயே செய்திருக்க வேண்டும். செய்யாததால் எல்லாவற்றையும் ஒருமுறை திரும்பக் கட்ட வேண்டி வந்தது.